ரசிகர் நற்பணி மன்றம் நடத்துவது எப்படி? சண்டையையும் சலிப்பையும் சமாளிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் சாமான்களும் ஞாபகம் வரும். மன்றத்துக்காரர்களுக்கு 2006 ஞாபகம் வரும். 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில் விஜயகாந்த் தே.மு.தி.க.வைத் தொடங்கினார். எட்டே மாதத்தில் வந்த சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்த ஒரே தொகுதி விருத்தாசலம், ஜெயித்தவர் அவரே. பசை வாளி தூக்கியவர்களும் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களும் பெரும்பாலும் பல வருஷம் ரசிகர் மன்றம் நடத்திப் பழகிய ஆட்கள். 2011இல் கட்சிக்கு 29 இடங்கள் கிடைத்தன. 2016இல் ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊரான வேப்பூரிலிருந்து திருச்சி-சென்னை சாலையில் வடக்கே இருக்கிற உளுந்தூர்பேட்டையில் நின்ற விஜயகாந்தும் தோற்றுப்போனார்.

தேர்தல் தோல்விக்கு அரசியல் காரணங்கள் ஆயிரம் இருக்கும், அவற்றை அரசியல் எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வழிகாட்டி கட்சிக்கு முன்னாலும் கட்சி இல்லாமலும் நடக்கிற மன்றத்துக்கானது. ரத்ததானம், மோர்ப்பந்தல், நோட்டுப்புத்தகம், புயல் நிவாரணம் என்று சம்பளமில்லாமல் உழைக்கிற பத்திருபது பேர் கொண்ட மன்றம். வேப்பூர் கூட்ரோட்டைச் சுற்றி எந்த ஊரில் நீங்கள் புதிதாகச் செயலாளர் பொறுப்பு ஏற்றிருந்தாலும் இது உதவும். மன்றம் உடைந்தால் துரோகம், பதவி ஆசை என்றுதான் டீக்கடையில் பேசுவார்கள். நான் பார்த்த அளவில், யார் எந்த வேலையைச் செய்வது, அதை எப்போது நிறுத்தலாம் என்று எழுதி வைக்காததுதான் பெரும்பாலான மன்றங்களை உடைக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

படி 1: தலைவர் கூட்டத்துக்கு வரமாட்டார் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்

மற்றச் சங்கங்களுக்கும் ரசிகர் மன்றத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். விவசாயிகள் சங்கத்தில் தகராறு வந்தால் தலைவரை உட்கார வைத்துக் கேட்கலாம். மன்றத்தில் யாருக்காகக் கூடினோமோ அவர் ஒருநாளும் வரப்போவதில்லை. ஆனால் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். “தலைவருக்கு இதெல்லாம் புடிக்காதுண்ணே” என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் கிடையாது. போன வருஷம் சென்னையில் அவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டவர் சொல்வதே சட்டம் ஆகிவிடும்.

அவர் முடிவெடுத்தால் எப்படி எடுப்பார் என்பதற்கும் உதாரணம் நிறைய. கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி இயக்கமாக மாற்றி மற்றவர்களுக்கு வழி காட்டினார். அஜித் 2011இல் தன் மன்றங்களை ஒரே அறிக்கையில் கலைத்தார். ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். மன்றங்கள் மக்கள் மன்றமாகி, ஊர் ஊராகப் பொறுப்பாளர் போட்டு ரசிகர்கள் வேலை பார்த்தார்கள். 2020 டிசம்பர் 29 அன்று உடல்நிலையைச் சொல்லி அவர் பின்வாங்கினார். 2021 ஜூலை 12 அன்று மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு, பழையபடி ரசிகர் நற்பணி மன்றமாகவே இயங்கும் என்று அறிவிப்பு வந்தது. அவர் எடுத்த முடிவை நான் குறை சொல்லவில்லை, உடம்பு அவருடையது. ஆனால் அந்த மூன்றரை வருஷம் கைக்காசு போட்டு அலைந்தவனுக்கு அன்றைக்குச் சாயங்காலம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விஜய் விஷயம் இன்னும் நுட்பமானது. 2020 நவம்பரில் அவருடைய தந்தை, ரசிகர் அமைப்பான விஜய் மக்கள் இயக்கத்தின் பெயரில் கட்சி பதிவு செய்யப் போனார். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ரசிகர்கள் அதில் சேர வேண்டாம் என்று மகன் அறிக்கை விட்டார். அடுத்த வருஷம் பெயரைப் பயன்படுத்துவது நீதிமன்றம்வரை போனது. 2024 பிப்ரவரி 2 அன்று அவரே கட்சி தொடங்கினார். அப்பாவா பிள்ளையா என்று ஊர்க்கிளையில் இருக்கிற பையன் முடிவுசெய்ய வேண்டியிருந்த சில மாதங்களை அந்தப் பையன்தான் அறிவான்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாளைக்கே அவர் “மன்றம் வேண்டாம்” என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? ரத்ததானத்தைத் தொடர்வோம் என்று பாதிப்பேராவது சொன்னால் உங்களிடம் ஒரு நற்பணி மன்றம் இருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒரு ரசிகர் கூட்டம். அதிலும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பொருளாளர் தேவையில்லை.

படி 2: பதிவும் பணமும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும். பூசல் முற்றினால் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு, 36ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கும்படி மாவட்டப் பதிவாளரிடம் மனு கொடுக்கலாம். நடிகரின் பெயரை வைத்துப் பதிவதானால் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். வாங்க முடியாவிட்டால் ஊர்ப் பெயரை வையுங்கள், பிற்பாடு தலைவலி குறையும்.

வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்தில் இருக்கட்டும். ‘நம்ம பொருளாளர் ஜிபே நம்பருக்கே போட்டுடுங்க’ என்று ஆரம்பிப்பதுதான் எல்லா மன்றத்திலும் முதல் விரிசல். அவர் ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார். ஆனால் மோர்ப்பந்தல் வசூல் வந்த அதே வாரம் அவர் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் இறங்கினால் ஊர் சும்மா இருக்காது. ரசீது புத்தகம் அச்சடியுங்கள். வரவு செலவைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவது மட்டும் போதாது.

வசூலைவிடப் பெரிய ஆபத்து கைக்காசு. ஃப்ளெக்ஸ் அடிக்க மூவாயிரம், டெம்போ வாடகை ஆயிரத்தைந்நூறு, சாப்பாடு இரண்டாயிரம் என்று ஒருவர் போட்டுக்கொண்டே போவார். கேட்டால் “இருக்கட்டும் விடுப்பா” என்பார். அந்தப் பணம் வீட்டுச் செலவிலிருந்து வந்தது, சில சமயம் மனைவியின் நகை அடகிலிருந்து வந்தது. ஒருநாள் சண்டை வரும்போது அவர் முழுக் கணக்கையும் ஒரே மூச்சில் சொல்வார், தேதி வாரியாக. அதனால் எழுதி வையுங்கள்: கூட்டத்தில் ஒப்புக்கொள்ளாத செலவை யாரும் செய்யக் கூடாது, செய்தால் திரும்பக் கிடைக்காது. கடுமையாகத் தெரியும், ஆனால் அவரையும் அவர் வீட்டையும் காப்பாற்றுவது இந்த விதிதான்.

படி 3: ஒரு ரத்ததான முகாமைப் பிரித்துப் பாருங்கள்

“முகாம் நடத்தலாம்” என்று எல்லோரும் கை தட்டுவார்கள். அதற்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று தாளில் எழுதினால்தான் தெரியும். உரிமம் உள்ள ரத்த வங்கிக்குக் கடிதம் கொடுத்துத் தேதி வாங்க வேண்டும். பள்ளிக்கூடமோ மண்டபமோ கேட்க வேண்டும். கட்டில், மேசை, மின்விசிறி, கரண்ட் போனால் ஜெனரேட்டர். கொடுக்க வருகிறவர் 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பாதிப்பேர் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள், திரும்பிப் போகிறவர் கோபம் உங்கள் மேல்தான் விழும். ஜூஸ், பிஸ்கட், சான்றிதழ். முடிந்தபிறகு மண்டபத்தைக் கூட்டுவது. கூட்டுகிற நேரத்தில் சுற்றிலும் பாருங்கள்: இரண்டு பேர்தான் இருப்பார்கள். எல்லா முகாமிலும் அதே இரண்டு பேர்.

இது பகலில் தெரிகிற வேலை. தெரியாத வேலை ராத்திரியில் வருகிறது. நெடுஞ்சாலையில் விபத்து நடக்கும். நடுராத்திரியில் யாரோ ஒருவர் “அண்ணா, ஓ நெகட்டிவ் அவசரமா வேணும், உங்க நம்பர் குடுத்தாங்க” என்று அழைப்பார். மன்றத்தில் ரத்தப் பட்டியல் வைத்திருப்பவர் ஒருவர்தான். அவர் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுப்புவார். காலையில் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலைக்கோ, வெள்ளிக்கிழமையாக இருந்தால் வேப்பூர் ஆட்டுச்சந்தைக்கோ போயாக வேண்டும். முதல் வருஷம் இதில் ஒரு பெருமை இருக்கும். இரண்டாம் வருஷம் போன் அடித்தாலே வயிற்றைப் பிசையும். மூன்றாம் வருஷம் நம்பரை மாற்றிவிடுவார். மற்றவர்கள் “அவனுக்குத் தலைக்கனம்” என்பார்கள்.

மருத்துவ விதி என்ன சொல்கிறது? ஆண் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் 90 நாள், பெண் கொடுத்தால் 120 நாள் கழித்துத்தான் அடுத்தமுறை கொடுக்கலாம். எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் மருத்துவர் விடமாட்டார். கொடுக்கிற ரத்தத்துக்கு இருக்கிற இந்த இடைவெளி, கொடுக்க வைக்கிற மனுஷனுக்கு மட்டும் ஏன் இல்லை? ராத்திரி அழைப்பை மாதம் ஒருவர் எடுப்பது என்று முறை போடுங்கள். ஒரு பெரிய வேலையைத் தலைமை தாங்கி முடித்தவர் அடுத்த 90 நாள் எதற்கும் தலைமை தாங்கக் கூடாது. வந்து நிற்கலாம், ஜூஸ் ஊற்றலாம், பொறுப்பு மட்டும் வேறொருவருக்கு.

வேலையைப் பிரிக்கும்போது ஊரின் பருவத்தையும் பாருங்கள். முந்திரி பொறுக்குகிற பங்குனி, சித்திரையில் ஆள் கேட்டால் வராதவனைக் குறை சொல்லிப் பயனில்லை. முகூர்த்த நாளில் முகாம் வைத்தால் மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. கடலூர் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி சும்மா போவதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்துப்போட்டது. 2015 மழை வெள்ளம், 2024இல் ஃபெஞ்சல் புயல். ஐப்பசிக்கு முன்னாலேயே நிவாரணக் குழுவுக்கு இரண்டு அணி போட்டுவிடுங்கள். முதல் அணி மூன்று நாள் வேலை பார்க்கட்டும், நான்காம் நாள் வீட்டுக்குப் போகட்டும். “நான் இருக்கேன், நீ போ” என்று வசனம் பேச இடம் கொடுக்காதீர்கள்.

படி 4: கரிந்துபோகிறவரைக் கண்டுபிடிப்பது

தொண்டு செய்பவர் இப்படி ஓய்ந்துபோவது புது நோய் இல்லை. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தானும் ஓய்வு நேரத்தில் தொண்டு செய்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளவியலாளர், கூட வேலை பார்த்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சக்தி வற்றி எரிச்சல்படுவதைப் பார்த்துத்தான் 1974இல் இதைப்பற்றி எழுதினார். இன்றைக்கு ஐ.டி. கம்பெனிகளில் பேசப்படுகிற ‘பர்ன்அவுட்’ முதலில் கவனிக்கப்பட்ட இடங்களில் ஒன்று தொண்டர்கள் நடத்திய இடம் என்பதை மன்றத்துக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி முழுக்க வற்றிப்போவது, செய்கிற வேலையின்மேல் வெறுப்போ விலகலோ வருவது, செய்வது எதற்கும் பலனில்லை என்று தோன்றுவது.

நம் ஊரில் அது எப்படிப் பேசும் என்று சொல்கிறேன். “பாத்துக்கலாம்ணே” என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வரும். எப்போதும் முதலில் வருகிறவர் கூட்டம் முடிகிற நேரத்தில் வந்து பைக்கிலிருந்து இறங்காமலே பேசுவார். குழுவில் எதையும் எழுதாமல் வெறும் கட்டைவிரல் படம் போடுவார். உதவி வாங்க வருகிற மக்களையே திட்ட ஆரம்பிப்பார்: “இவங்களுக்குச் செஞ்சு என்ன புண்ணியம்.” இந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தால் அன்றைக்கே அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். தண்டனை மாதிரி வாங்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, ஒரு டீ சொல்லி, “இந்த மூணு மாசம் நீ ரெஸ்ட் எடு, லிஸ்டை நான் வச்சிருக்கேன்” என்று சொல்லி வாங்குங்கள்.

தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்கிற அளவுக்குப் போயிருந்தால் அது மன்றம் தீர்க்கிற விஷயம் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு.

படி 5: சண்டைக்கு ஒரு இடம் கொடுங்கள்

மன்றச் சண்டைகளில் கொள்கைச் சண்டை என்று ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு விஷயத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். ஒன்று, முதல்நாள் முதல்காட்சி டிக்கெட். மற்றது, பேனரில் படம்.

பேனரை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நடிகர். கீழே வரிசையாக ரோஸ் கலர் வட்டத்துக்குள் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள். யார் முகம் பெரிசு, யார் முகம் நடிகரின் காலுக்குப் பக்கத்தில், யார் பெயருக்கு முன்னால் ‘மாவீரன்’ என்று போட்டிருக்கிறது என்பதில் இருபது வருஷ நட்பு முறிந்திருக்கிறது. டிசைன் செய்கிற கடைக்காரர் இடத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு முகத்தைச் சுருக்கியிருப்பார். அந்த முகத்துக்குரியவரோ முகாமில் மண்டபம் கூட்டுகிற இரண்டு பேரில் ஒருவராக இருப்பார். அவர் படத்துக்காகக் கோபப்படவில்லை. தான் செய்தது யாருக்கும் தெரியவில்லையே என்று கோபப்படுகிறார், படம் அதற்கு ஒரு சாக்கு. ஆகவே பேனரில் முகமே வேண்டாம், மன்றத்தின் பெயர் மட்டும் போதும் என்று தீர்மானம் போடுங்கள், செலவும் குறையும். அவர் செய்ததைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுதுங்கள். டிக்கெட்டுக்குச் சீட்டுக் குலுக்கல் போதும். செயலாளர் உட்பட எல்லோர் பெயரும் டப்பாவுக்குள் இருக்க வேண்டும்.

சண்டை வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் நடத்தாதீர்கள். நள்ளிரவில் வருகிற குரல்பதிவைக் காலையில் நாற்பது பேர் கேட்பார்கள், மத்தியானம் ஸ்கிரீன்ஷாட் எதிர்மன்றத்துக்குப் போயிருக்கும். ஒரு வாரத்துக்குள் நேரில் உட்காருவது என்று விதி வையுங்கள். சம்பந்தப்பட்ட இருவர், இருவருக்கும் பொதுவான ஒருவர், அவ்வளவுதான். பொதுவானவர் மன்றத்துக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எப்படியும் இருப்பார்.

“எங்க மன்றத்துல தலைவர், தொண்டர்னு கிடையாது, எல்லாரும் சமம்” என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். 1970களில் அமெரிக்கப் பெண்கள் இயக்கக் குழுக்களைப் பற்றி எழுதிய ஜோ ஃப்ரீமன் காட்டியது இதைத்தான்: தலைமை இல்லை என்று சொல்லிக்கொள்கிற குழுவில் தலைமை மறைந்துகொள்கிறது, மறைந்திருக்கிற தலைமையை யாரும் கேள்வி கேட்க முடியாது. நம் ஊர்க் கணக்கில், வாட்ஸ்அப் குழு அட்மின் யாரோ அவர்தான் தலைவர். அதற்கு நேராகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, மூன்று வருஷத்தில் மாற்றிவிடலாம்.

படி 6: போகிறவருக்கு வாசலைத் திறந்து வையுங்கள்

உலகத்திலேயே பெரிய ரசிகர் அமைப்புகளில் ஒன்று, 2007இல் அமெரிக்காவில் ரசிகர்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் ஒர்க்ஸ்’. தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கு ஒரு பெரிய காப்பகத்தை அவர்கள் நடத்துகிறார்கள். 2019இல் அதற்கு ஹியூகோ விருதே கிடைத்தது. வேலை பார்ப்பது தொண்டர்கள். அத்தனை சட்டதிட்டம் உள்ள அந்த இடத்திலும் 2015 நவம்பரில் நிர்வாகக் குழுத் தேர்தலைத் தொட்டுப் பெரிய தகராறாகி, பழைய குழுவினர் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். புதிதாக ஜெயித்தவர்கள் பொறுப்பை எடுத்து நடத்தினார்கள். காப்பகம் நிற்கவில்லை. விதியும் தேர்தலும் எழுத்தில் இருந்ததால் ஆட்கள் போனாலும் அமைப்பு நின்றது. நம் மன்றங்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் அவரோடு ரசீது புத்தகம், ரத்தப் பட்டியல், ஸ்பீக்கர் செட் எல்லாம் போய்விடுகின்றன.

எனவே விலகலுக்கும் ஒரு முறை வேண்டும். பொறுப்பை ஏற்கும்போதே முடிகிற தேதியைச் சொல்லுங்கள். மன்றச் சாமான், சாவி, கடவுச்சொல், தொலைபேசிப் பட்டியல் எல்லாம் ஒரு நோட்டில், இரண்டு பிரதி இருக்கட்டும். விலகுகிறவர் அடுத்தவருக்கு ஒரு மாதம் கூட இருந்து காட்டிக்கொடுக்கட்டும். போகும்போது ஒரு துண்டு போர்த்தி அனுப்புங்கள். துண்டு போர்த்தி அனுப்பியவர் அடுத்த புயலுக்கு அழைக்காமலே வருவார். ‘குரூப் லெஃப்ட்’ ஆனவர் வரமாட்டார்.

எப்போது தொடங்குவது?

இதில் உள்ளதையெல்லாம் ஒரே கூட்டத்தில் செய்ய முயலாதீர்கள், அதிலேயே நீங்கள் ஓய்ந்துபோவீர்கள். முதல் மாதம் இரண்டு போதும்: இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு, ராத்திரி அழைப்புக்கு முறை. முக்கியமாக, உங்கள் நடிகரின் படம் வெளியாகிற மாதத்தில் தொடங்காதீர்கள். அந்த மாதம் யாரும் நீங்கள் சொல்வதைக் கேட்கமாட்டார்கள், நீங்களும்தான்.